மறைமலை நகர் ஃபோர்டு ஆலை: திரும்பி வருவது காரா, இன்ஜினா?

கேள்வி: "மறைமலை நகர் ஃபோர்டு ஃபேக்டரி மறுபடி திறக்குதுன்னு டிவியில சொன்னாங்க. 3,250 கோடி முதலீடாம். அப்போ எகோஸ்போர்ட், எண்டெவர் எல்லாம் திரும்ப வரும்தானே? மூடினப்போ வேலை போனவங்களைக் கூப்பிடுவாங்களா? அந்தப் பக்கம் வேலை செஞ்சவங்க யாராவது சொல்லுங்க."

2025 நவம்பர் 1, இரவு

கார் வராது. முதல்ல அதை மனசுல இருத்திக்கங்க.

அக்டோபர் 31 அன்னிக்கு தமிழ்நாடு அரசோட ஃபோர்டு போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தம் இன்ஜினுக்கு. வருஷத்துக்கு 2,35,000 இன்ஜின், சுமார் 600 பேருக்கு நேரடி வேலை, உற்பத்தி தொடங்கறது 2029ல. யூடியூப் தம்ப்நெயில்ல எண்டெவர் படத்தைப் பளபளன்னு போட்டுட்டா வண்டி ஷோரூமுக்கு வந்துடாது.

பழைய ஆட்கள் விஷயம்: மூடறப்போ அங்க இருந்தது சுமார் 2,600 தொழிலாளர்கள். வரப்போறது 600 இடம், அதுவும் ஆலை மூடி ஏழு வருஷம் கழிச்சு. அந்த 2,600 பேர்ல பாதிப்பேர் இந்நேரம் ஒரகடத்துலயோ ஸ்ரீபெரும்புதூர்லயோ செட்டில் ஆகியிருப்பாங்க, மீதிப்பேர் ஊருக்குப் போய் வேற தொழில் பார்க்கறாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் செங்கல்பட்டுல டூவீலர் மெக்கானிக் ஷெட் போட்டிருக்கார். திரும்ப வருவியான்னு கேட்டா சிரிக்கறார்.

நவம்பர் 2

"2 லட்சம் காருக்கு ஆயிரக்கணக்குல ஆள் வேணும், 2.35 லட்சம் இன்ஜினுக்கு 600 பேர் போதுமா? கணக்கு இடிக்குதே"ன்னு சேலத்து நண்பர் கேட்டிருக்கார்.

இடிக்கல. நான் ரொம்ப வருஷம் அந்த பெல்ட்ல ஒரு பிளாஸ்டிக் பார்ட்ஸ் வெண்டர்கிட்ட குவாலிட்டில இருந்தவன். டோர் டிரிம், பில்லர் டிரிம் மாதிரி, காரோட உள்பக்கத்தை மூடற பேனல் ஐட்டங்கள். பல கார் கம்பெனி லைனுக்குள்ள நின்னிருக்கேன். கார் ஆலைன்னா நாலு கட்டம்: பிரஸ் ஷாப், பாடி ஷாப், பெயிண்ட் ஷாப், கடைசியா டிரிம் லைன். முதல் மூணுலயும் ரோபோவும் மெஷினும் பெரும்பங்கு வேலையை இழுத்துட்டுப் போயிடும். நாலாவதுலதான் கூட்டமே. வயரிங் ஹார்னஸ்னு ஒண்ணு வரும், கையால தூக்கினா பாம்பு மாதிரி நெளியும். அதைக் கார்ப்பெட்டுக்கு அடியில பரப்பி, கிளிப் போட்டு, ஒவ்வொரு கனெக்டரையும் "டக்"குனு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தணும். ரோபோவுக்கு அந்த வேலை இன்னும் சரியா வசப்படல. மனுஷ விரல்தான் வேணும். ரூஃப் லைனிங், டேஷ்போர்டு, சீட்டு, கதவு ரப்பர் எல்லாமே அப்படித்தான்.

இன்ஜின் ஆலை வேற மாதிரி. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பா வரும். சி.என்.சி., அதாவது கம்ப்யூட்டர் கட்டளைப்படி தானா வெட்டற மெஷின்கள், வரிசையா நிக்கும். துளை போடறது, கடையறது, கழுவறது, அளக்கறது எல்லாத்தையும் மெஷினே பார்த்துக்கும். ஒரு ஆள் நாலஞ்சு மெஷினைக் கவனிச்சா போதும். டூல் தேய்ஞ்சா மாத்தணும், மைக்ரான் கணக்குல அளவு நகர்ந்தா திருத்தணும். அசெம்பிளில மட்டும் கொஞ்சம் கூட்டம் இருக்கும்.

இன்னொண்ணு. அதே வளாகத்துல முன்ன இருந்த இன்ஜின் ஆலையோட திறன் வருஷத்துக்கு 3,40,000. இப்போ சொல்றது 2,35,000. "பிரம்மாண்டமான மறுவருகை"ன்னு எழுதறவங்க இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம்.

நவம்பர் 2, கொஞ்ச நேரம் கழிச்சு

வெண்டர் வேலை எப்படி இருக்கும்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. சொல்றேன், பிடிச்ச விஷயம்.

பெயிண்ட் அடிச்ச பாடி டிரிம் லைனுக்குள்ள நுழையற நேரத்துல வெண்டர் ஷெட்ல இருக்கற பிரிண்டர் ஒரு ஸ்லிப்பைத் துப்பும். வண்டி எண், மாடல், உள்கலர், எந்த நாட்டுக்குப் போகுதுன்னு எல்லாம் அதுல இருக்கும். அந்த வரிசைப்படி டிராலில அடுக்கி, லாரில ஏத்தி, லைன்ல அந்த வண்டி அந்த இடத்துக்கு வர்றதுக்குள்ள நாம அங்க இருக்கணும். ஏற்றுமதி வண்டிகள் கலந்து வர ஆரம்பிச்சப்போதான் கூத்து. ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கற வண்டிக்கு, நாலு ஜன்னலுக்குமான பவர் விண்டோ சுவிட்ச் பேனல் இடது கதவுல வரும். நம்ம ஊர் வண்டிக்கு வலது கதவு. வெளியில பார்த்தா ரெண்டு டிரிம்மும் ஒண்ணு போல இருக்கும், சுவிட்ச் துளை மட்டும் மாறும். ராத்திரி ஷிப்ட்ல மூணு மணிக்கு அதைக் கண்ணால பிரிக்க முடியாது, விரலை விட்டுத் தடவிப் பார்த்துத்தான் அடுக்குவாங்க.

ஜி.எஸ்.டி. ரோட்டுல மழைத்தண்ணி நின்னா என்ன ஆகும்னு கேக்காதீங்க. ஒரு நிமிஷம் லைன் நின்னா இவ்வளவுன்னு வெண்டர் தலையில கட்டற கம்பெனியும் இருக்கு, பேர் வேண்டாம்.

நவம்பர் 4

மேல ஒருத்தர் "1995ல முதல் தடவையா இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு"ன்னு எழுதியிருக்கார். முதல் தடவை இல்லைங்க. 1926லயே கனடா ஃபோர்டோட கிளைக் கம்பெனியா இங்க பதிவு பண்ணி, மெட்ராஸ், பம்பாய், கல்கத்தான்னு துறைமுக ஊர்கள்ல பெட்டி பிரிச்சு கார் பூட்டி வித்தாங்க. சுதந்திரத்துக்கு அப்புறம், வெறுமனே பூட்டி விக்கறது கூடாது, இங்கயே பாகம் செய்யணும்னு அரசு கட்டாயம் பண்ணினது. 1950கள்ல ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டையைக் கட்டிட்டாங்க.

ஆக 2021 ரெண்டாவது கிளம்பல். 2029 மூணாவது வருகை. கல்யாண வீட்டுல கோவிச்சுட்டுப் போற சித்தப்பா மாதிரி ஒரு உறவு இது.

இந்த ரெண்டாவது வாழ்க்கையோட கதை: 1995ல மஹிந்திராவோட பாதிக்குப் பாதி கூட்டு. மஹாராஷ்டிரா மஹிந்திராவோட சொந்த மண்ணு, ஆலை அங்கதான் போகும்னு எல்லாரும் நினைச்சப்போ ஜெயலலிதா அரசு நிலமும் சலுகையும் குடுத்து இங்க இழுத்தது. ஆலை எழும்புற வரைக்கும் எஸ்கார்ட் காரை நாசிக்ல மஹிந்திரா ஆலையில செஞ்சாங்க. 1998ல ஃபோர்டு பங்கைக் கூட்டிக்கிட்டு தனியா நடக்க ஆரம்பிச்சது. 1999 நவம்பர்ல ஐகான். இந்தியாவுக்குன்னே டிக்கி வெச்சு வடிவமைச்ச கார், "ஜோஷ் மெஷின்"னு விளம்பரம் பண்ணினாங்களே, அதேதான்.

நவம்பர் 5

ஐகான் பேரைச் சொன்னதும் ஆறு பேர் வந்துட்டீங்க. எங்கிட்டயும் இருந்தது, செகண்ட் ஹேண்ட்ல வாங்கின 1.6 ராக்கம். மைலேஜ் கேட்டா அழுகை வரும். ஆனா திண்டிவனம் தாண்டி ரோடு திறந்ததும் மூணாவது கியர்ல அது இழுக்கற இழுப்பு இருக்கே, அதுக்காக பெட்ரோல் பங்க்காரனுக்கு எழுதி வைக்கலாம். ஸ்பேர் இப்பவும் புதுப்பேட்டையில தேடினா கிடைக்கும். இதோட நிறுத்திக்கறேன், இல்லேன்னா தலைப்பு ஐகான்னு மாறிடும்.

ஆலை விஷயத்துக்கு வர்றேன். ஐகான் காலத்துலயே மெக்ஸிகோ, தென்னாப்பிரிக்கான்னு பாகங்களைப் பெட்டி கட்டி அனுப்பினாங்க. இது முக்கியம், கீழ மறுபடி வரும்.

நவம்பர் 7

"யூனியன்காரங்க கொடி பிடிச்சுத்தான் ஆலையை மூடினாங்க."

இந்த ஒரு வரியை எத்தனை வாட்ஸப் குரூப்ல பார்க்கறதுன்னு தெரியல. தேதியைப் பாருங்க. மூடறோம்னு ஃபோர்டு அறிவிச்சது 2021 செப்டம்பர் 9. தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி உட்கார்ந்தது 2022 மே கடைசியில, இழப்பீட்டுத் தொகை போதாதுன்னு. எட்டு மாசம் கழிச்சு நடந்த ஸ்ட்ரைக் எப்படி முன்னாடி எடுத்த முடிவுக்குக் காரணமாகும்? கடைசி எகோஸ்போர்ட் 2022 ஜூலைல லைனை விட்டு வெளியே வந்தது. செப்டம்பர்லதான் இழப்பீட்டுப் பேச்சு ஒரு முடிவுக்கு வந்தது. நடுவுல மாசக்கணக்குல இழப்பீட்டுக்காகப் பேசினவங்களைக் குத்தம் சொல்றது சுலபம், ஏ.சி. ரூம்ல போட்ட தப்புக் கணக்கைச் சொல்றதுதான் கஷ்டம்.

கணக்கு என்னன்னா, பத்து வருஷத்துல 200 கோடி டாலருக்கு மேல செயல்பாட்டு நஷ்டம்னு கம்பெனியே சொன்னது. இந்தியச் சந்தையில பங்கு 2 சதவீதத்துக்கும் கீழ. 2019ல மறுபடி மஹிந்திராவோட கூட்டுன்னாங்க, 2020 டிசம்பர் 31 அன்னிக்கு அதுவும் முறிஞ்சது. அதுக்கு அப்புறம் மூடல் அறிவிப்பு எப்போங்கறது மட்டும்தான் பாக்கி.

நவம்பர் 8

என் சொந்தக் கருத்து ஒண்ணு, அடிக்க வர்றவங்க வரலாம்: மறைமலை நகரை முதல்ல குத்தினது, குஜராத்ல ஃபோர்டு கட்டின சானந்த் ஆலை.

2010ல ஃபிகோங்கற சின்ன கார் வந்தப்போதான் இந்த ஆலை நிஜமா மூச்சு விட்டது. அதுக்காக 50 கோடி டாலர் போட்டு, கார் திறனை ரெண்டு லட்சமாக்கி, இன்ஜின் ஆலையும் கட்டினாங்க. 2013ல எகோஸ்போர்ட், புக் பண்ணிட்டு மாசக்கணக்குல காத்திருந்தாங்க ஜனங்க. அந்த ஆலையை நிரப்பிட்டு அடுத்ததை யோசிச்சிருக்கலாம். அதுக்குள்ள குஜராத்ல 100 கோடி டாலர்ல இன்னொரு ஆலை, அங்க இன்னும் 2,40,000 கார் திறன். 2015ல ஃபிகோ அங்க போயிடுச்சு. இந்தியாவுல விக்கறது ஒரு ஆலைக்கே பத்தாதப்போ ரெண்டு ஆலை! எகோஸ்போர்ட்டோட சின்ன எஸ்.யு.வி. ராஜ்ஜியத்தை மாருதி பிரெஸ்ஸாவும் ஹூண்டாய் வென்யூவும் வந்து தட்டிப் பறிச்சப்போ பதிலுக்கு வைக்க ஒரு புது மாடல் இல்ல.

நடுவுல காப்பாத்தினது ஏற்றுமதிதான். உள்நாட்டுல வித்ததை விட அதிகமா கப்பல்ல ஏத்தின வருஷங்கள் உண்டு. 2018ல அமெரிக்கச் சந்தைக்கே எகோஸ்போர்ட் இங்கிருந்துதான் போச்சு. ஜி.எஸ்.டி. ரோட்டுல டிரெயிலர்ல அடுக்கின வண்டில ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தா அது துறைமுகம் போகுதுன்னு டீக்கடைக்காரருக்கே தெரியும். ஆலை மூடினதும் அமெரிக்காவுல அந்த மாடலே முடிஞ்சுபோச்சு. அமெரிக்காவுக்காக வேற ஊர்லேர்ந்து அனுப்பல அவங்க.

அதான் சொல்றேன், ஐகான் பெட்டிலேர்ந்து எகோஸ்போர்ட் வரைக்கும் இந்த ஆலையோட தலையெழுத்தை நம்ம ஊர் வாடிக்கையாளர் எழுதல. எங்கயோ இருக்கற ஆர்டர் புத்தகம் எழுதினது. இப்போ வரப்போற இன்ஜினும் ஏற்றுமதிக்குத்தான், அதே கைக்குப் போகுது.

நவம்பர் 8, தொடர்ச்சி

"ஏன் யாரும் வாங்கல?"

சானந்தை டாடா 725.7 கோடிக்கு வாங்கி 2023 ஜனவரில எடுத்துக்கிட்டாங்க. அங்க கூட இன்ஜின் பகுதியை ஃபோர்டு கையிலயே வெச்சுக்கிட்டு ரேஞ்சர் பிக்கப் வண்டிக்கு இன்ஜின் அனுப்பிட்டு இருக்கு, கவனிங்க. மறைமலை நகரை வாங்க ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் பேசினது 2023 டிசம்பர்ல அறுந்துபோச்சு. அதுக்கு முன்னாடி மின்சார கார் ஏற்றுமதின்னு 2022 பிப்ரவரில மத்திய அரசோட ஊக்கத்தொகைத் திட்டத்துல பேர் வந்தது, மே மாசம் அவங்களே வேண்டாம்னுட்டாங்க. 2024 செப்டம்பர்ல ஸ்டாலின் அமெரிக்கா போயிருந்த சமயத்துலயே ஃபோர்டோட விருப்பக் கடிதம் வந்தது. அதிலிருந்து ஒப்பந்தம் ஆக இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல.

நவம்பர் 11

பெருங்களத்தூர்க்காரர் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸை ஞாபகப்படுத்தியிருக்கார். அருமை. அதே ஜி.எஸ்.டி. ரோட்டுல, ஃபோர்டுக்கு அரை நூற்றாண்டு முன்னாடியே கார் ஆலை இருந்தது இளசுகளுக்குத் தெரியாது. 1948ல தொடங்கின கம்பெனி. வேன்கார்டு, ஸ்டாண்டர்டு 10, அப்புறம் ஹெரால்டு. ஹெரால்டுல முன்பக்க பானெட்டோட ஃபெண்டரும் சேர்ந்து மொத்தமா முன்னால கவிழும், இன்ஜின் வேலை பார்க்கறவன் டயர் மேல சாவகாசமா உட்கார்ந்துக்கலாம். மெக்கானிக்குகளோட செல்லப்பிள்ளை.

1985ல ஸ்டாண்டர்டு 2000 விட்டாங்க. வெளிய பார்த்தா ரோவர், ஜம்முன்னு இருக்கும். உள்ள பழைய வேன்கார்டு வம்சத்து இன்ஜின். மாருதி காலத்துல அந்த எடையும் அந்த விலையும் எடுபடுமா? சில வருஷத்துல ஆலையே படுத்துடுச்சு. இப்போ அந்த இடத்துல ஐ.டி. பார்க்.

எல்லாம் அப்படி முடியல. 1998ல திருவள்ளூர்ல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சர் செஞ்சாங்களே, அந்த ஆலையிலதான் இப்போ சிட்ரோயன் சி3 வருது.

நவம்பர் 12

ஐ.டி.ன்னதும் தோணினது. "ஃபோர்டு திரும்பி வருது"ங்கற தலைப்பே எனக்கு உறுத்துது. ஃபோர்டு எங்க போச்சு? தமிழ்நாட்டுல அதோட அலுவலகங்கள்ல 12,000 பேர் இருக்காங்க, சோழிங்கநல்லூர்ல பெரிய வளாகமே இருக்கு. 2024 அறிவிப்புலயே இன்னும் 2,500லேர்ந்து 3,000 பேர் வரை எடுப்போம்னாங்க. கார் லைன் ஜோரா ஓடினப்போ இருந்த தொழிலாளர்களைப் போல பல மடங்கு பேர் இப்போ கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து கணக்கும் மென்பொருளும் பார்க்கறாங்க. போனது லைன் ஆளுங்க மட்டும்.

நவம்பர் 15

பே ஏரியாவுல இருக்கற தம்பி ஒருத்தர் ஃப்ரீமான்ட் கதையைக் கேட்டிருக்கார், அவர் வீட்டுலேர்ந்து டெஸ்லா ஆலை தெரியுமாம்.

ஆமா, அது நல்ல ஒப்பீடு. அங்க ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982ல மூடினது. வேலைக்கு வராதவங்க, சண்டை, குடின்னு அமெரிக்காவுலயே பேர் கெட்ட ஆலை. 1984ல டொயோட்டாவும் ஜி.எம்.மும் கூட்டா திறந்தாங்க. பெரும்பாலும் அதே பழைய யூனியன் ஆட்களை எடுத்து, ஒரு பகுதியை ஜப்பான்ல டகாவோகா ஆலைக்கு அனுப்பிப் பயிற்சி குடுத்தாங்க. தப்பு தெரிஞ்சா எந்தத் தொழிலாளியும் கயிறை இழுத்து லைனை நிறுத்தலாம்னு உரிமை குடுத்தாங்க. கொஞ்ச காலத்துலயே குவாலிட்டில ஜி.எம்.மோட மத்த ஆலைகளைத் தாண்டிடுச்சு. 2009ல ஜி.எம். கழண்டுக்கிச்சு, 2010 ஏப்ரல்ல டொயோட்டாவும் மூடினது, அதே வருஷம் டெஸ்லா வாங்கினது.

யூனியன்தான் காரணம்னு நவம்பர் 7ல சண்டை போட்டவங்க இதை ஒரு தடவை பொறுமையா படிங்க.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. ஃப்ரீமான்ட் ரெண்டு வருஷத்துல திறந்தது, ஆளுங்க அங்கயே இருந்தாங்க. இங்க ஏழு வருஷ இடைவெளி. கை மறந்துபோறதுக்கு அது தாராளம்.

நவம்பர் 16

ராத்திரி யோசிச்சதுல இன்னொரு பக்கமும் தோணுது. 600ன்னு கேலி பண்ணிட்டே இருந்தா முழுப் படமும் வராது. இன்ஜினுக்கு உள்ள போற பிஸ்டன், வால்வு, ரிங், வார்ப்புன்னு இதெல்லாம் சென்னைக்குப் பரம்பரைத் தொழில். செம்பியத்துல இந்தியா பிஸ்டன்ஸ், ரானேவோட வால்வு, பாடியிலயும் அம்பத்தூர்லயும் மெஷின் ஷாப்புகள். இந்த ஆர்டர்ல நல்ல பங்கு உள்ளூருக்கு வந்தா வேலை அங்க பெருகும். அது எத்தனை சதவீதம்னு பேசறதுதான் அரசு இப்போ செய்யவேண்டிய வேலை. ரிப்பன் வெட்டறது 2029லயும் வெட்டிக்கலாம்.

எங்க மாதிரி பிளாஸ்டிக் ஆட்களுக்கு இதுல ஒண்ணும் இல்ல. இன்ஜினுக்கு டோர் டிரிம் கிடையாது.

மின்சார கார் வந்தா இன்ஜின் என்ன ஆகும்னு கேட்டவருக்கு: இப்போதைக்கு உலகம் ஹைபிரிட் பக்கம் சாயுது, அதுக்கும் இன்ஜின் வேணும். அதுக்கு மேல ஜோசியம் சொல்ல நான் ஆள் இல்ல.

நவம்பர் 23

வீட்டுவாடகை பத்திக் கேட்டவருக்கு. சிங்கபெருமாள் கோவில், மறைமலை நகர் பக்கம் நான் ரூம் எடுத்துத் தங்கின காலத்துல ஷிப்டுக்கு ஏத்த மாதிரி ஒரே கட்டில்ல ரெண்டு பேர் மாறி மாறித் தூங்குவாங்க. கம்பெனி பஸ் நிக்கற இடத்துலதான் மெஸ், மெஸ் இருக்கற இடத்துலதான் ரூம். கார் ஆலை மூடினப்போ ஊர் மொத்தமா சரிஞ்சிடும்னு பயந்தாங்க. மஹிந்திரா வேர்ல்டு சிட்டியும் காலேஜ் பசங்களும் தாங்கிப் பிடிச்சாங்க. சரிஞ்சது என்னவோ வெண்டர்களோட சின்ன ஷெட்டுகள்தான், அதுவும் ஒரே கம்பெனியை நம்பி டை, அதாவது பாகம் வார்க்கற அச்சு, போட்டவங்க. அந்த மாடலோட டை வேற எதுக்கும் ஆகாது, எடைக்குத்தான் போடணும்.

டிசம்பர் 3

கடைசிக் கேள்வியை இப்பதான் பார்த்தேன்: "தம்பி டிப்ளமோ மெக்கானிக்கல் முடிக்கப்போறான், ஃபோர்டுக்காகக் காத்திருக்கலாமா?"

ஐயையோ, வேண்டாம். 2029 வரைக்கும் வீட்டுல உட்கார வெச்சு சோறு போடப்போறீங்களா? ஒரகடத்துலயோ இருங்காட்டுக்கோட்டையிலயோ எங்க அப்ரண்டிஸ் கிடைச்சாலும் சேரச் சொல்லுங்க. டிரிம் லைன்ல போட்டா ஒரு வருஷம் இருந்துட்டு மெஷினிங் பக்கம் மாறப் பார்க்கட்டும். சி.என்.சி. செட்டிங், சி.எம்.எம்.ங்கற அளவுமானி மெஷின்ல அளவெடுக்கறது, கேஜ் படிக்கறது இதெல்லாம் கையில இருந்தா 2029ல அவனே அனுபவசாலியா போய் நிக்கலாம். அப்போ அந்த 600ல ஒண்ணு கிடைச்சா சரி, கிடைக்கலேன்னா அம்பத்தூர்ல எவனும் அவனை வேண்டாம்னு சொல்லமாட்டான்.

எகோஸ்போர்ட் எப்போ வரும்னு இதுக்குக் கீழ இன்னொருத்தர் கேட்டா, சேலத்து நண்பர் பதில் சொல்லுவார்.